ஒரு இஞ்சு கொறச்சுக் குடுங்க அண்ணாச்சி

கோல்ஃப் கிளப் செஞ்சு விக்குத கம்பெனி அண்ணாச்சிமாருக்கு,

திசையன்விளை பக்கத்துலேருந்து ஒங்க கோல்ஃப் கம்போட நீளத்தப் பத்தி எழுதுதேன். ஒங்க ஊருக்கும் கோல்ஃபுக்கும் என்னவே சம்பந்தம்னு கேப்பிய, ஒரு சம்பந்தமும் கெடையாது. துபாய்ல வேல பாக்கும்போது மேனேஜர் கூட பந்தடிச்சுப் பழகுத ரேஞ்சுக்குப் போயி புடிச்ச பழக்கம், ஊருக்கு வந்த பொறவும் விட மாட்டேங்கு. கோர்ஸுன்னா, அதான் ஆடுத மைதானம், கொடைக்கானல் ஏறணும், 1895ல ஆரம்பிச்ச கிளப் அது, தெரிஞ்சவர் ஒருத்தர் தயவுல வருசத்துக்கு ஒருக்க ரெண்டு தடவ ஆடுவேன். மத்த நாளெல்லாம் தேரிக்காட்டு ஓரத்துல நம்ம வெளையிலதான் அடிச்சுட்டுக் கெடக்கேன், செம்மணலு, பனை, கொடை விரிச்ச மாதிரி உடைமரம். உடைக்குள்ள போன பந்த அப்பிடியே முருகனுக்கு நேந்து விட்டுர வேண்டியதுதான்.

போன வருசம் புது டிரைவர் ஒண்ணு, அதான் பந்தத் தூரமா அடிக்குத நீட்டுக் கம்பு, வாங்குனேன். (டிரைவர் வாங்கியாச்சுன்னு வீட்டுல சொன்னதும் ஆச்சி வாசல்ல போயி காரத் தேடுனது தனிக்கதை.) நீளம் 45.75 இஞ்சு. கடக்காரரு என் ஒயரத்தக் கேக்கல, கைய அளக்கல, எப்பிடி அடிப்பன்னு பாக்கவும் இல்ல, நீளம் கூடுனா தூரம் கூடும் சார்னு மட்டும் சொன்னாரு.

அது பொய்யின்னு நான் சொல்லல. கம்பு நீண்டா நுனி வேகம் கூடத்தான் செய்யும். ஆனா மாங்கா பறிச்ச எவனுக்கும் தெரியுமே, குட்டத் தொரட்டியில நெனச்ச காம்ப மாட்டிரலாம், நெடுந்தொரட்டிய எடுத்தா கையில ஒரு நூலு அசைஞ்சா அங்கன கொக்கி ஒரு சாண் ஆடும், காய் கெடக்க எலைதான் விழும். டிரைவரும் அதே கததான், அதுவும் நின்னு நிதானமா நீட்டுததில்ல, சுத்திட்டு வாரது. சின்ன வயசுல சிலம்பம் பழகும்போது ஆசான் கம்ப நட்டு நிறுத்தி நெத்திக்கு வருதான்னு பாத்துட்டுத்தான் கையில குடுப்பாரு, அண்ணன் கம்ப எடுத்தா வைவாரு, ஏல, எதிராளிய அடிக்கதுக்கு முந்தி ஒன் மொழங்கால அடிச்சிருவன்னு. பத்து ரூவா மூங்கில் கம்புக்கு இருந்த அளவு அம்பதாயிரம் ரூவா டிரைவருக்கு இல்லியே அண்ணாச்சி.

நான் ஒரு வேல செஞ்சேன். திருநீற தண்ணியில கொழச்சு டிரைவர் மூஞ்சியில, அதான் பந்துல படுத பக்கத்துல, பூசி காயவிட்டு இருவது பந்து அடிச்சேன், பந்து பட்ட தடம் அப்பிடியே தெரியும். அம்மை போட்ட மாதிரி மூஞ்சி பூராம் தடம், கம்பு மாட்டியிருக்க குதிப்பக்கம் பட்டது, நுனிப்பக்கம் பட்டது, அடியில பட்டது, நடுவுல பட்டத வெரல் விட்டு எண்ணிரலாம். குதிப்பக்கம் பட்டா வலதுகைக்காரனுக்குப் பந்து வலதுபக்கம் சுழண்டு போவும், நுனியில பட்டா இடதுபக்கம் மடங்கும், ரெண்டுலயும் தூரம் போச்சு. பொறவு திருநீற அழிச்சுட்டு திருப்பிப் பூசி, கிரிப்ப ஒரு இஞ்சு எறக்கிப் புடிச்சு அடிச்சேன். தடமெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கூடிட்டு. காசு செலவில்லாத டெஸ்ட், யாரும் செஞ்சு பாக்கலாம்.

தூரம் கொறையுமேன்னு கேட்டா ஒரு கணக்கு சொல்லுதேன். கிளப் வேகம் மணிக்கு 92 மைலு, ஓரத்துல பட்டு 1.40 மடங்குதான் பந்துக்குப் போச்சுன்னா பந்து வேகம் 129. ஒரு இஞ்சு கொறச்சு 90 மைலா ஆனாலும், நடுவுல பட்டு 1.46 வந்தா 131. எதுவே பெருசு?

பெரிய ஆட்டக்காரங்களக் காட்டாதிய. ஃபில் மிக்கல்சன் 2021ல அம்பது வயசுல 47.9 இஞ்சு டிரைவர வச்சு பிஜிஏ சாம்பியன்ஷிப் அடிச்சாரு, சரிதான், அந்தக் கை நமக்கு வாய்க்குமா. ரிக்கி ஃபௌலர் 2017ல 43.5 இஞ்சுக்கு எறங்கி வந்து நல்லாத்தான ஆடுனாரு. ரூல்ஸ்ல 48 இஞ்சு வரைக்கும் போலாம், 2022 ஜனவரியிலேருந்து பெரிய போட்டி நடத்துதவங்க வேணும்னா 46க்கு நிறுத்திக்கிடலாம்னு தனி விதியும் வந்துட்டு. பந்த அடிக்குத தலையோட பருமனுக்கு 460 சிசிதான்னு வரம்பு இருக்கதால அதுக்கு மேல பெருசாக்க முடியாது, அதான் கம்ப நீட்டுதியளோன்னு எனக்கொரு சந்தேகம். அந்தக் காலத்துல மரத்தலையும் ஸ்டீல் ஷாஃப்ட்டுமா இருக்கும்போது 43, 43.5தான், கிராஃபைட் வந்து எட கொறஞ்சதும் நீளம் ஏறிட்டு.

வெட்டிக்கிட வேண்டியதான வேன்னு சொல்லுவிய. வெட்டுனேன், ஆக்சா பிளேடு வச்சு கிரிப் பக்கத்துல ஒரு இஞ்சு. அடிச்சுப் பாத்தா வெளக்குமாறு மாதிரி இருக்கு, தலையே இல்லாத மாதிரி! பொறவுதான் தெரிஞ்சுது, ஒரு இஞ்சு வெட்டுனா ஸ்விங் வெயிட், அதான் வீசும்போது தலை எம்புட்டு கனமாத் தெரியுதுங்க அளவு, ஆறு பாயின்டு கிட்ட எறங்கும், ஒரு பாயின்டுக்கு ரெண்டு கிராம் வீதம் பன்னெண்டு கிராம் தலையில ஏத்தணும்னு. டயர்க்கடயில வீலுக்கு ஒட்டுத வெயிட்ட வாங்கி ஒட்டுனேன், ரெண்டாம் நாளு பிச்சுக்கிட்டுப் பறந்து அதுவும் முருகனுக்குப் போச்சு. கடசியில ஈய டேப்பு வரவழச்சேன். இப்ப தேவலாம். ஆனா மூஞ்சி வலதுபக்கம் பாத்துத் தொறந்து வந்தா நாப்பது இஞ்சானாலும் பந்து வலதுபக்கந்தான் போவும், அதுக்கு வெட்டுதது மருந்தில்ல, அத ஒத்துக்கிடுதேன். கைநீளமும் ஒயரமும் வேற மாதிரி இருக்கவனுக்கு நீட்டுக் கம்பே ஒத்து வரவும் செய்யும்.

நான் கேக்கது ரொம்ப இல்ல. செருப்புக்கே ஏழு எட்டு ஒம்பதுன்னு வச்சிருக்காவ, நீங்க 44, 44.5லயும் ரெடியா செஞ்சு கடையில வையுங்க, அதுக்குத் தக்கன தலை எடையோட. இல்லன்னா கனமான ஸ்க்ரூ வெயிட்டு ரெண்டையாவது பொட்டியிலயே போட்டு விடுங்க. நீளத்த பொடி எழுத்துல ஒளிக்காம வெளிய தெரியப் போடுங்க. மணிக்கட்டுலேருந்து தரைவரைக்கும் டேப்பு புடிக்க ரெண்டு நிமிசம் ஆவுமா, அதயாவது கடக்காரங்களுக்குச் சொல்லிக் குடுங்க.

நான் வெட்டுன ஒரு இஞ்சுத் துண்டு ஜன்னத் திண்டுலதான் கெடக்கு. அட்ரஸ் அனுப்புனா கூரியர்ல போட்டு விடுதேன், ஒங்க பொருள் ஒங்களுக்கே.

இப்படிக்கு,
தேரிக்காட்டு ஓரத்துலேருந்து அஞ்சடி ஆறங்குலத்துக்காரன் ஒருத்தன்