ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடி பக்கம் மருந்து அடிக்கிற ட்ரோன்களைப் பழுது பார்க்கிறேன். என்னிடம் உடைந்து வருகிறவற்றில் பெரும்பாலானவை காற்றில் சிக்கியோ கரண்ட் கம்பியில் மாட்டியோ விழுந்தவை அல்ல. கிளப்புவதற்கு முன் அஞ்சு நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய கோளாறால் விழுந்தவைதான். ட்ரோன் மானியம் பற்றியும் ட்ரோன் ஓட்டும் பெண்கள் பற்றியும் பத்திரிகைகளில் செய்தி வருகிறது, படிக்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த மெஷினைத் தினமும் யார் சோதிப்பது என்று யாரும் எழுதவில்லை. டேங்க் நிறைய 10 லிட்டர் மருந்தோடு கிளம்பினால் 20 கிலோவுக்கு மேல் எடை வரும் ட்ரோன் அது, கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

மோட்டாரில் சுற்றுகிற இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்பில் உரசும், தென்னை மட்டையில் படும், வண்டியில் ஏற்றும்போது இடிக்கும், எப்படியாவது நுனியில் ஒரு சின்ன வெட்டு விழுந்துவிடும். பறக்கத்தானே செய்கிறது என்று விட்டுவிடுகிறார்கள், சிலர் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இறக்கையின் எடை கொஞ்சம் மாறினாலும் மோட்டார் அதிரும், அந்த அதிர்வு ஸ்க்ரூக்களைத் தளர்த்தும், ட்ரோன் சாய்கிறதா நேராக இருக்கிறதா என்று பார்க்கிற சென்சாரையும் குழப்பிவிடும். கொஞ்சம் பஞ்சை எடுத்து இறக்கையின் விளிம்பில் அடியிலிருந்து நுனிவரை இழுத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பிய பிசிறும் பஞ்சைப் பிடித்து நிறுத்தும். பிடித்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

அப்புறம் மோட்டார். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ட்ரோனின் ஆறு மோட்டாரையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றுங்கள். ஐந்து வழுக்கிக்கொண்டு சுற்றி, ஒன்று மட்டும் நறநறவென்றால் அதன் பேரிங்கில் மண்ணோ மருந்துத் தூளோ போயிருக்கிறது. தெளித்துவிட்டு இறக்கியதும் ஒவ்வொரு மோட்டார் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், மற்றதைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங் போயிருக்கலாம், இல்லை அந்த மோட்டார் உட்கார்ந்திருக்கிற ட்ரோனின் கை லேசாகத் திரும்பியிருக்கலாம். மடக்குகிற கைகளின் லாக்கை ஆட்டிப் பார்க்காமல் கிளப்பவே கூடாது.

எனக்கு ரொம்பக் கவலை பேட்டரியில்தான். லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் முழுசாக ஏறினால் 4.2 வோல்ட். சாயங்காலம் எல்லா பேட்டரியையும் ஃபுல் சார்ஜ் ஏற்றி மூலையில் வைத்துவிட்டு, மழை பிடித்துக்கொண்டு ஒரு வாரம் அப்படியே கிடந்தால் அதன் ஆயுள் அங்கேயே குறைந்துபோகும். நாலு நாள் வேலை இல்லை என்று தெரிந்தால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும், நல்ல சார்ஜர்களில் அதற்கு ஸ்டோரேஜ் என்றே ஒரு மோட் இருக்கிறது. சீசன் நேரத்தில் இன்னொரு கொடுமை நடக்கிறது: ட்ரோனிலிருந்து கழற்றிய பேட்டரி ஆறுவதற்குள் ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அடுத்த வயல்காரர் காத்திருக்கிறார். லேசாக உப்பின பேட்டரியையும் டேப் சுற்றி ஓட்டுகிறார்கள். உப்பினால் அந்த பேட்டரியின் கதை முடிந்தது, முழு டேங்கோடு மேலே ஏறும்போது பளு தாங்காமல் வோல்ட் சடாரென்று இறங்கும், ட்ரோனும் கூடவே இறங்கும். இந்த பேட்டரி தீப்பிடித்தால் சுலபத்தில் அணையாது. குழந்தைகள் படுத்திருக்கிற அறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறுகிறது.

வேலை முடிந்ததும் டேங்கில் நல்ல தண்ணீர் ஊற்றி, நாசிலில் தெளிவாக வரும்வரை ஓட்டுங்கள். களைக்கொல்லி அடித்த டேங்கோடு உளுந்து வயலுக்குப் போனால் என்ன ஆகும் என்று விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ட்ரோனின் உடம்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், பைக் கழுவுவதுபோல பைப்பைப் பிடித்து அடிக்கக் கூடாது. டிராக்டர் டிப்பர் மேலே வைத்துக் கிளப்புவதையும் விட்டுவிடுங்கள், அந்த இரும்பு காம்பஸைத் திசை மாற்றிவிடும். சிக்னல் போனால் திரும்பி வருகிற உயரம் அந்த வயலைச் சுற்றியுள்ள தென்னையைவிட, கம்பியைவிட அதிகமாக வைத்திருக்கிறதா என்று வயலுக்கு வயல் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2021 மார்ச்சில் வந்த விதிகளில் பராமரிப்புக்கு ஒரு சான்றிதழ் இருந்தது, ஆகஸ்டில் வந்த புதிய ட்ரோன் விதிகள் அதை எடுத்துவிட்டன. எடுத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன், அத்தனை காகிதம் கேட்டிருந்தால் கிராமத்துக்கு ட்ரோன் வந்தே இருக்காது. ஆனால் லாரிக்கு எஃப்.சி. இருப்பதுபோல ட்ரோனுக்கு எதுவும் இல்லாததால் முழுப் பொறுப்பும் ஓட்டுகிறவர் தலையில் விழுகிறது. அவருக்கோ பயிற்சியில் பாதி நேரம்கூட இதற்குக் கிடைப்பதில்லை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் பக்கம் விழுந்த ட்ரோனைச் சாக்கில் கட்டி என்னிடம் கொண்டுவருவதோடு சரி, எதனால் விழுந்தது என்று எங்கேயும் பதிவாவதில்லை. அதனால் அடுத்தவரும் அதே காரணத்தால் விழுகிறார்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கிற மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தை உருவாக்கியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ட்ரோனோடு கூடுதலாக நாலு செட் பேட்டரி, ஒரு செட் இறக்கை, ஒரு வருட காப்பீடு, இரண்டு வருட பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் உண்டு. ஓட்டுகிறவரோடு குழுவிலிருந்தோ குடும்பத்திலிருந்தோ இன்னொருவருக்கு உதவியாளர் பயிற்சியும் உண்டு, எனக்கு அதில் பிடித்ததே அதுதான். ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன என்பதுதான் கேள்வி. சீசன் நடுவில் ஒரு மோட்டாருக்காக வெளியூருக்கு பார்சல் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க எந்தக் குழுவால் முடியும்? அந்த அவசரத்தில்தான் ஃபெவிக்விக்கும் டேப்பும் வருகின்றன.

விவசாயிகளுக்கு ஒன்று. மருந்து அடிக்க ட்ரோன்காரரிடம் பேசும்போது ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்கிற கையோடு, பைலட் சான்றிதழையும் காப்பீட்டையும் காட்டச் சொல்லுங்கள், பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல பைலட் இதற்குக் கோபப்பட மாட்டார். கல்யாண மண்டபத்தில் கேமரா ட்ரோன் விடுகிறவர்களிடமும் கேட்கலாம். 250 கிராமுக்குள் இருக்கிற ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் அதன் இறக்கையும் முகத்தைக் கிழிக்கும்.

அரசுக்கு என் வேண்டுகோள்: வேளாண் பொறியியல் துறையின் பட்டறைகளில் ட்ரோனுக்கு என்று ஒரு மேஜை போடுங்கள். இறக்கை, மோட்டார், பேரிங், கனெக்டர் இருப்பு வையுங்கள், ஐடிஐயில் ட்ரோன் படித்த பிள்ளைகளை அங்கே உட்கார வையுங்கள். சீசனுக்கு முன் ஒருமுறை ஒவ்வொரு ட்ரோனையும் இலவசமாகச் சோதித்து, பறந்த நேரமும் மாற்றிய பாகமும் எழுதுகிற ஒரு நோட்டைக் கொடுங்கள். சம்பாவுக்கு மருந்து அடிப்பது ஐப்பசியில் சூடு பிடிக்கும், அதற்குள் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு இடத்திலாவது தொடங்கலாம். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ட்ரோன் மெக்கானிக்,
மன்னார்குடி.