நம் ராக் இசை ரசிகர் மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் வழக்கம்போல் நடந்தன. மழையால் ஒன்று தள்ளிப்போனது. பழைய இசைத்தட்டுகளைக் கேட்கும் மாலை இரண்டு முறை நடந்தது. புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' பாட்டை ஏற்காட்டில் மேடையேற்றியதுதான். அமெரிக்கப் பாடகர் பாப் டிலான் 1967இல் வெளியிட்ட பாட்டு இது. ஒரு கிட்டார், மவுத்ஆர்கன், பேஸ், டிரம்ஸ், இரண்டரை நிமிடம், அவ்வளவே. 1968இல் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை நான்கு நிமிடமாக்கி, கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கினார். எதை வாசிப்பது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்கில் விவாதம் ஓடியது. பின்னாளில் டிலானே மேடைகளில் ஹெண்ட்ரிக்ஸ் வழியில்தான் அதைப் பாடினார். ஆகவே செயற்குழு ஹெண்ட்ரிக்ஸ் வடிவத்தை எடுத்தது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

அடுத்து வாசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விவரங்களைப் பதிவு செய்கிறேன். எல்லாக் கிட்டார்களையும் பேஸையும் அரைச் சுருதி இறக்க வேண்டும். விரல் பிடிப்பு சி ஷார்ப் மைனர், பி, ஏ, மறுபடி பி; காதில் விழுவது சி மைனர். கீபோர்டு வாசிப்பவர் டிரான்ஸ்போஸை (சுருதி மாற்றும் வசதியை) மைனஸ் ஒன்றில் வைக்க வேண்டும், அல்லது நேராக சி மைனரில் வாசிக்க வேண்டும். ஒருவர் மட்டும் சாதாரணச் சுருதியில் வந்து நின்றால் ஒத்திகை அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் மேடையில் கம்பியை இறக்கினால் அது ஒரே தடவையில் நிற்காது. இறக்கி, இழுத்துவிட்டு, மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அக்கூஸ்டிக் கிட்டார் பகுதியை ஹெண்ட்ரிக்ஸ் இசைத்தட்டில் டேவ் மேசன் என்ற கலைஞர் பன்னிரண்டு கம்பிக் கிட்டாரில் (ஆறு ஜோடிக் கம்பிகள்) வாசித்திருக்கிறார். அதில் அடிக்கடி அறுவது மூன்றாம் ஜோடியின் மெல்லிய ஜி கம்பி. அரைச் சுருதி இறக்கியதில் அதன் இழுவிசை குறைந்து, நிகழ்ச்சி முழுக்கத் தாங்கியது. ஆனாலும் உதிரியாக இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்பம்தான் பலரை ஏமாற்றுகிறது. முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) விழும் இடத்தையே தாளத்தின் முதல் அடி என்று காது எடுத்துக்கொள்ளும். டிரம்ஸ் நுழைந்ததும் தாளம் நழுவியது போலத் தோன்றும். டிரம்மர் குச்சியைத் தட்டி உரக்க எண்ணிக்கொடுத்தால்தான் நான்கு பேரும் ஒன்றாக விழ முடியும். நடுவில் வரும் நீண்ட சோலோ நான்கு துண்டு: நேர் வாசிப்பு, ஸ்லைடு (விரலில் மாட்டிக் கம்பி மேல் வழுக்கும் குழாய்), வா-வா பெடல் (காலால் அழுத்தி ஒலியின் தன்மையை மாற்றும் கருவி), கடைசியில் கார்டுகள். ஸ்லைடுக்குக் கம்பி உயரம் போதாவிட்டால் அது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்குப் பட்டைகளில்) இடித்துக் கடகடக்கும். கிட்டாரின் பிரிட்ஜில் கம்பியைக் கொஞ்சம் உயர்த்தி, 9க்குப் பதில் சற்றுத் தடித்த 10 கேஜ் கம்பி போட்டதும் அது நின்றது. ஸ்லைடை நம் ஊர் லேத் பட்டறையிலேயே செய்தோம்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், 60 மி.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன். இரு முனைகளையும் உருட்டித் தேய்க்காவிட்டால் விரலை வெட்டும்.

பாட்டில் ஆங்காங்கே வரும் 'கர்ர்ர்' ஒலி வைப்ராஸ்லாப் என்ற தாளக் கருவியுடையது. அதற்குப் பதில் சலங்கையை ஆட்டிப் பார்த்தோம். சலங்கையின் மணி நாதம் கிட்டாரோடு மோதுகிறது. இதற்கு வேண்டியது மரப்பெட்டிக்குள் ஊசிகள் அதிரும் வறட்டு ஒலி. ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

சேலத்து வெயிலிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போகும்போது, குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறிவிடுகிறது. பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட வைத்த பிறகே சுருதி சேர்க்க வேண்டும். சீரியல் விளக்கு எரிந்தால் எலக்ட்ரிக் கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) இரைகிறது. எல்லா ஆம்ப்களுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து கரண்ட் எடுத்தபின் பாதி இரைச்சல் போனது. இரைச்சலுக்காக எர்த் பின்னை உடைக்க யாரும் முனையக் கூடாது. ஈர மேடையில் அது உயிருக்கு ஆபத்து.

"டிக்கெட் போட்டிருக்கலாமே" என்று கேட்டவர்களுக்கு விளக்கம்: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52இன்படி, அமெச்சூர் மன்றம் ஒன்று கட்டணம் வாங்காமல் நிகழ்த்தினால் அது உரிமை மீறல் ஆகாது. டிக்கெட் போட்டால் அந்தச் சலுகை இல்லை. பதிவு செய்து விற்கலாம் என்பதும் நடக்காது. பிறர் பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்ய அதே சட்டத்தின் 31சி பிரிவு தரும் உரிமத்தில் போனால் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். தமிழில் வரிகள் எழுதிப் பாடலாம் என்ற யோசனைக்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

ஆக, நமக்கு இருக்கும் ஒரே வரவு சந்தாதான். அதில் பாதிக்கு மேல் நிலுவை. ஹெண்ட்ரிக்ஸா டிலானா என்று இரவு ஒரு மணி வரை குழுவில் எழுதியவர்களில் பலர் ஒத்திகைக்கு ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். ஏற்காட்டில் ஸ்பீக்கர் பெட்டிகளை வாசித்தவர்களே தூக்கி ஏற்றினார்கள், இறக்கியதும் அவர்களே. விரல் நடுங்கும் கையோடு உடனே ஸ்லைடு வாசிக்கச் சொல்வது நியாயமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். கம்பி, வேன் வாடகை, லேத் கூலி ஆகியவையே முக்கியச் செலவுகள். கையிருப்பு திருப்திகரம் என்று சொல்ல முடியாது.

இடம் தந்தவர்களுக்கும், வேன் ஓட்டிய தம்பிக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் உறுப்பினர்களுக்கும், தணிக்கையாளருக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு இதே பாட்டை டிலான் வடிவத்திலும் சேர்த்து, இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கத் திட்டம். டிலான் வடிவத்துக்கு நான்காம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஏ மைனர் பிடித்தால் போதும், செலவில்லை. வைப்ராஸ்லாப், நல்ல வா-வா பெடல் இரண்டும் வேண்டும். பழையது வீட்டில் சும்மா கிடந்தால் கொடுத்து உதவலாம். ஜூன் மாதத்துக்குள் நிலுவை வந்தால் மேடைக்குத் தேதி கேட்பேன். பெட்டி தூக்க ஆறு பேர் இன்றே பெயர் கொடுத்தால், தொடர்ந்து இப்பொறுப்பில் இருக்க எனக்கும் சம்மதமே.

இவண்,
செயலாளர்