ஸ்பாட் லைட்டுக்குத் தனி சுவிட்ச் போடச் சொல்லாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா,

போன ஞாயிறு வாகனப் பக்கத்துல, ராத்திரி ஓட்டத்துக்கு ஸ்பாட் லைட் வாங்கி மாட்டுங்க, பேட்டரியில இருந்து வயர் இழுத்து டேஷ்போர்டுல தனி சுவிட்ச் போட்டா வேலை முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதுல இருந்து மனசு ஆறல. தோட்டத்து வொர்க்‌ஷாப்புல லோரிக்கும் டிராக்டருக்கும் வயரிங் பார்த்தே தலை நரைச்சவன் நான்.

தனி சுவிட்ச் போட்டா, எதிர்ல வண்டி வந்து நாம லைட்ட கீழ இறக்கி டிப் பண்ணினாலும் ஸ்பாட் லைட் அணையாது ஐயா. டிப் போட்டா தூரத்துக்கு அடிக்கிற ஹை பீம் எல்லாம் ஒண்ணா அணையணும்னு ஐ.நா.வோட 48-ஆவது வாகன விதியே சொல்லுது. அதுக்குத்தான் ரிலே, சின்னக் கரண்ட்ட வச்சுப் பெரிய கரண்ட்ட போட்டு அணைக்கிற பெட்டி. அதுல இருக்கிற பின் நம்பர்படி சொன்னா, ஹை பீம் வயர்ல இருந்து 86, எர்த் 85, பேட்டரியில இருந்து ஃபியூஸ் வழியா 30, லைட்டுக்கு 87. சுவிட்ச் வேணும்னா அந்த 86-க்குப் போற வயர்ல போட்டுக்கலாம். 55 வாட் லைட் ரெண்டு, 12 வோல்ட்டுல 9 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அவ்வளவையும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியா விட்டா என்ன ஆகும்? நான் கழட்டின ஒரு சுவிட்சுல பின்னைச் சுத்தி பிளாஸ்டிக் கருகி, வயரோட தோல் இளகி விரல்ல ஒட்டிக்கிச்சு. ஃபியூஸ் பத்தி உங்க பக்கத்துல ஒரு வார்த்தை இல்ல.

எங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட ரோட்டுல தெருவிளக்கு குறைவு, ரெண்டு பக்கமும் செம்பனை, அந்த இருட்டுல கூரை மேல எல்.இ.டி. பார் போட்ட ஃபோர் வீல் எதிர்ல வந்தா பைக்காரனுக்கு ரோட்டு ஓரமே தெரியாது. என் மச்சான் ஷிப்ட் முடிஞ்சு வரும்போது அப்படித்தான் வாய்க்கால்ல விழுந்து தோள்பட்டை விலகிப்போச்சு, வெளிச்சம் அடிச்ச வண்டி நிக்கவே இல்ல. மலேசியாவுல 1992-ல இருந்து பைக் பகல்லயும் லைட்டு போட்டு ஓடணும்னு சட்டம், நாங்க மறுக்காம போடுறோம், பல்பு ஃபியூஸ் போனா எங்களுக்கு சம்மன் வருது, கண்ணைக் குருடாக்குற ஃபோர் வீலை இந்த ரோட்டுக்குள்ள வந்து யாரும் நிறுத்துறதில்ல. இதப்பத்தி முன்னாடியே உங்களுக்கு விளக்கமா எழுதினேன், நாலு வரியா வெட்டிப் போட்டீங்க, அந்த வருத்தமும் இருக்கு.

இன்னொண்ணு, பழைய ஹெட்லைட்டுல எல்.இ.டி. பல்பு மாத்துறத முன்னேற்றம்னு எழுதியிருக்கீங்க. டிப்புக்கும் ஹை பீமுக்கும் ரெண்டு இழை இருக்கிற எச்4 பல்புக்குள்ள, டிப் இழைக்குக் கீழ ஒரு சின்னத் தகடு மறைப்பு இருக்கும், அந்த இழை இருக்கிற இடத்தை வச்சுத்தான் ரிஃப்ளெக்டர செஞ்சிருப்பாங்க. அதுக்குள்ள வேற பல்ப சொருகினா வெளிச்சம் எகிறி எதிர்ல வர்றவன் முகத்துல அடிக்கும். மழையும் பனியும் இல்லாத ராத்திரியில டவுன் பையனுங்க ஃபாக் லைட்ட எரியவிட்டு சுத்துறாங்களே, அவங்ககிட்ட போய்ச் சொன்னா உங்க பத்திரிகையத்தான் காட்டுவாங்க. பத்திரிகையில வந்தா எங்க ஆளுங்க அப்படியே நம்புவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா.

பெருசா ஒண்ணும் கேக்கல. அந்த ரிலே வயரிங் படத்த வர்ற ஞாயிறு அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல போடுங்க, 15 ஆம்பியர் ஃபியூஸ பேட்டரிக்குப் பக்கத்துலயே வைக்கணும்னும் சேர்த்துப் போடுங்க. படம் வரைய ஆள் இல்லன்னா நானே பேப்பர்ல வரைஞ்சு அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்து வயர்மேன்,
சுங்கை சிப்புட், பேராக்