மேல்தளப் பாதுகாப்புத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கடந்த பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஒப்புதல் அளித்த மேல்தளப் பாதுகாப்புப் பணி நிறைவடைந்துவிட்டது. வேண்டிய இடத்தில் அடுக்கி வைத்துப் பிறகு எடுத்துவிடக்கூடிய இரண்டு எடை ஆங்கர்களும் (பாதுகாப்புக் கயிற்றின் மறுமுனையை மாட்டுவதற்கான, தன் எடையாலேயே நிற்கும் பிடிமானங்கள்), முன்மண்டபத்தின் மேல்விளிம்பில் துளையிடாமல் நிற்கும் தடுப்புக் கம்பிகளும், அவற்றுக்குரிய, உடலில் அணியும் பாதுகாப்புக் கச்சை, கயிறு, கொக்கி வகைகளும் வாங்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, பயன்பாட்டுக்கு வந்துள்ளன. கோபுரத்துக்கு வண்ணம் தீட்டினால் தெருவில் போகிறவரும் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார். இந்தப் பணியிலோ சன்னிதிக்கு வருபவர் கண்ணில் படும்படி ஒன்றுமே இல்லை. ஆகவே உங்கள் காணிக்கை எதற்குச் செலவானது, ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நமது ஆலயத்தின் மேல்தளத்துக்கு ஆண்டு முழுவதும் யாராவது ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குளிர்சாதன இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்கள், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுபவர்கள், மழைநீர் வடிகாலில் சேரும் இலைகளை அள்ளுபவர்கள், இடிதாங்கியைச் சோதிப்பவர்கள், தீபாவளிக்கும் நவராத்திரிக்கும் விளக்குச் சரம் கட்டுபவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் பிழைப்புக்காக வந்த ஊழியர்கள். அவர்கள் நிற்கும் மண்டபத் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழைய கட்டுமானம் என்பதால் அதன் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலேதான் வரும். குனிந்து வேலை செய்துவிட்டு நிமிர்ந்து பின்வாங்கும் ஒருவரை அந்தச் சுவர் தடுக்காது; காலை இடறிவிடவே செய்யும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சிங்கப்பூரின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 2011 செப்டம்பர் முதல் எல்லா வேலையிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது; ஆலயத்தின் மேல்தளத்தில் ஊழியர் ஒருவர் வேலை செய்யும்போது அந்த இடமும் வேலையிடம்தான். 2013இல் நடப்புக்கு வந்த உயரமான இடங்களில் வேலை செய்வது குறித்த விதிமுறைகளின்படி, இரண்டு மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த விளிம்புகளுக்குத் தடுப்பு இருக்க வேண்டும். மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலையைத் தொடங்குமுன், ஊழியர்கள் ‘பெர்மிட்’ என்று சொல்லும் எழுத்து அனுமதியைப் பெற்றாக வேண்டும்; மேற்பார்வையாளர் விண்ணப்பித்து, அதற்கென்று பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் இடத்தை நேரில் பார்த்து, பொறுப்பு மேலாளர் கையெழுத்திட்ட பிறகே வேலை நடக்கலாம். உயிரிழப்போ கடுங்காயமோ ஏற்படுத்தக்கூடிய விதிமீறல்களுக்கான அதிகபட்ச அபராதம் 2024 ஜூன் முதல் 50,000 வெள்ளியாக உயர்ந்துள்ளது. ஆனால் அபராதத்துக்கு அஞ்சி இந்தப் பணியை நாங்கள் முன்வைக்கவில்லை. ஆலயத்தின் கூரையில் ஏறிய ஒருவர், ஏறியபடியே இறங்கி வீடு சேர வேண்டும் என்பதே எங்கள் அக்கறை.

கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் நியாயமான கேள்வியொன்றை எழுப்பினார். வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் குத்தகையாளர்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கச்சையும் கயிறும் கொடுத்துத்தானே அனுப்புகிறார்கள், அதற்கு ஆலயம் ஏன் செலவிட வேண்டும் என்பது அவர் கேள்வி. கச்சையும் கயிறும் குத்தகையாளருடையவை என்பது உண்மையே. ஆனால் அந்தக் கயிற்றின் மறுமுனையை எங்கே மாட்டுவது என்பது கட்டடத்தைப் பொறுத்தது. மாட்டுவதற்குச் சரியான இடம் இல்லாத கூரையில், நல்ல கச்சை அணிந்த ஊழியர்கூடக் கைக்கு எட்டிய குழாயிலோ, தொட்டியின் ஏணியிலோ, இயந்திரத்தைத் தாங்கும் சட்டத்திலோதான் கொக்கியை மாட்டுவார். விழும் ஒருவரைக் கயிறு இழுத்து நிறுத்தும் கணத்தில், அதிர்ச்சியைக் குறைக்கும் பகுதி சரியாக வேலை செய்தாலும், கிட்டத்தட்ட ஆறு கிலோநியூட்டன் வரை விசை வரலாம். ஏறக்குறைய அறுநூறு கிலோ எடை திடீரென்று தொங்குவதற்கு இது சமம். தண்ணீர்க் குழாயோ ஏணிக் கம்பியோ இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நிலையான ஆங்கர்களைத் தளத்தில் துளையிட்டுப் பொருத்தும் யோசனையையும் ஆராய்ந்தோம். பல புதிய கட்டடங்களில் அதுவே சிறந்த வழி. நம் ஆலயத்தில் இரண்டு தடைகள் இருந்தன. நீர்க்காப்புப் பூச்சு அண்மையில்தான் புதிதாகப் போடப்பட்டது. ஒவ்வொரு துளையும் மழைநீர் கசிவதற்கு ஒரு வாய்ப்பு, அதுவும் ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஊரில். அதைவிட முக்கியமாக, கும்பாபிஷேகம் கண்ட கட்டடத்தில், அதிலும் கருவறையையும் விமானத்தையும் ஒட்டிய பகுதியில், பாலாலயம் (திருப்பணிக்கு முன் தெய்வ சக்தியைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றும் சடங்கு) செய்யாமல் உளியோ துளைக்கருவியோ படுவதை அர்ச்சகர்களும் ஸ்தபதியும் ஏற்கவில்லை. அவர்கள் கருத்தை மதித்ததோடு, அது எங்களுக்கும் உடன்பாடான கருத்தே என்பதைப் பதிவு செய்கிறோம்.

எனவே எடையால் நிற்கும் ஆங்கரைத் தேர்ந்தெடுத்தோம். இதில் ரப்பர் அடிப்பாகம் கொண்ட எஃகுத் தகடுகள் சட்டகத்தின் மேல் அடுக்கப்படுகின்றன. நடுவில் கொக்கி மாட்டும் வளையம் இருக்கிறது. ஒரு தகடு 25 கிலோ, ஓர் ஆங்கருக்குப் பத்துத் தகடுகள். தளத்தைத் துளைக்காமல், எடையும் உராய்வும் மட்டுமே அதை நிறுத்துகின்றன. இவ்வளவு எடையைப் பழைய தளம் தாங்குமா என்பதை நிபுணத்துவப் பொறியாளர் கணக்கிட்டு, உத்தரங்களுக்கு நேர் மேலே உள்ள குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வைக்க அனுமதி அளித்தார். அந்த இடங்களில் மஞ்சள் வட்டங்கள் வரையப்பட்டுள்ளன. வட்டத்துக்கு வெளியே ஆங்கரை வைக்க யாருக்கும் அனுமதி இல்லை.

இந்த ஆங்கரைக் கொண்டு விழுபவரைப் பிடிப்பதா, விழாமலேயே தடுப்பதா என்பதே நாங்கள் அதிகம் விவாதித்த விஷயம். பிடிக்கும் முறையில் கயிற்றின் நீளம் இரண்டு மீட்டர், அதிர்ச்சி தாங்கி விரியும் நீளம் அதிகபட்சம் ஒன்றே முக்கால் மீட்டர், கச்சையின் வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர், பாதுகாப்புக்காக விட வேண்டிய இடைவெளி ஒரு மீட்டர் என்று கூட்டினால் ஆறேகால் மீட்டர் ஆகிறது. நம் தளத்தின் உயரமோ ஐந்து மீட்டர். கயிறு அறாமல், ஆங்கர் நகராமல், எல்லாம் சரியாக வேலை செய்தும் அந்த மனிதர் தரையில் மோதிவிடுவார். இதைப் பொறியாளர் தாளில் வரைந்து காட்டியபோது குழுவில் மறுபேச்சு எழவில்லை. ஆகவே நமது ஆலயத்தில் கயிறு என்பது விளிம்பை எட்டவிடாமல் தடுத்து நிறுத்துவதற்கே. ஒவ்வொரு மஞ்சள் வட்டத்துக்கும் ஒரு கயிற்று நீளம் வரையறுக்கப்பட்டு, அதே எண் வட்டத்திலும் கயிற்றிலும் எழுதப்பட்டுள்ளது. அந்தக் கயிற்றோடு நடப்பவர் விளிம்புக்கு அரை மீட்டர் முன்னதாகவே நின்றுவிடுவார். மூலைகளில் கயிறு சாய்வாக இழுபட்டால் இந்தக் கணக்குப் பிழைக்கும் என்பதால், மூலை வேலைகளுக்குத் தனி வட்டங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஓர் ஆங்கரில் ஒரே சமயத்தில் ஒருவர் மட்டுமே கொக்கி மாட்டலாம்.

எடை ஆங்கரின் வரம்புகளையும் உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். ஏறத்தாழச் சமதளமாக, ஐந்து பாகைக்கு மேற்படாத சரிவுள்ள பரப்பில் மட்டுமே அது பயன்படும். விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டரை மீட்டர் உள்ளே இருக்க வேண்டும். பாசி படிந்த, நீர் தேங்கிய தளத்தில் உராய்வு குறைந்துவிடும். ஆகவே வட்டங்களைச் சுற்றியுள்ள பரப்பை வேலைக்கு முன் தேய்த்துத் துடைப்பதும், மழையோ இடியோ தொடங்கியவுடன் வேலையை நிறுத்தி எல்லோரையும் கீழே இறக்குவதும் கட்டாயம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இதனால் சில வேலைகள் தள்ளிப்போகும். தள்ளிப்போகட்டும் என்றே குழு முடிவு செய்துள்ளது.

இராஜகோபுரத்துக்கும் விமானத்துக்கும் இந்தக் கருவி பொருந்தாது. அங்கே சுதைச் சிற்பங்களைத் தவிரப் பிடிப்பதற்கு எதுவுமில்லை. அவற்றில் கயிறு கட்டுவது சிற்பத்துக்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து. கோபுர வேலை என்றால் முறையாகச் சாரம் கட்டியே செய்ய வேண்டும்.

முன்மண்டபத்தின் விளிம்பில் மட்டும் தடுப்புக் கம்பிகளுக்குச் செலவிட்டதன் காரணம், அங்கே வேலை அடிக்கடி நடப்பதும் பலர் சேர்ந்து செய்வதும்தான். கம்பி ஒரு மீட்டருக்குக் குறையாத உயரம் கொண்டது. இரு கம்பிகளுக்கு இடையே 600 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லை. கச்சை அணிய மறந்தவரையும் கம்பி காக்கும். விதிமுறையும் தடுப்புக்கே முதலிடம் தருகிறது. அது இயலாத இடத்தில்தான் கயிறு. நிதி இடம்கொடுத்தால் மீதி விளிம்புகளுக்கும் கம்பி அமைப்பதையே குழு பரிந்துரைக்கும்.

தொண்டூழியர்கள் குறித்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாவிலைத் தோரணமும் விளக்குச் சரமும் கட்டுவதற்காக அன்போடு மேலே ஏறும் இளைஞர்கள், இந்த விதிகளெல்லாம் கூலிக்கு வேலை செய்பவர்களுக்குத்தான் என்று எண்ணுவதுண்டு. விழுபவர் தொண்டூழியரா ஊழியரா என்று தரை பார்ப்பதில்லை. இனி உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சிச் சான்று இல்லாத எவருக்கும், அவர் நிர்வாகக் குழுவில் இருந்தாலும், மேல்தளக் கதவின் சாவி கொடுக்கப்படாது. தொண்டு செய்ய விரும்பும் இளைஞர்கள் இதனால் மனம் வருந்த வேண்டாம். பயிற்சிக் கட்டணத்தை ஆலயமே ஏற்கும்.

அடுத்த கும்பாபிஷேகத்தின்போது கலசங்களுக்கு நீர் வார்க்க மேலே செல்லும் சிவாச்சாரியார்களுக்கு இந்த ஆங்கர்கள் போதாது என்பதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம். குடம் ஏந்தி, மந்திரம் சொல்லி, நெருக்கமாக நிற்பவர்கள் கயிற்றில் கட்டுண்டு நிற்க இயலாது. அன்றைக்குச் சுற்றிலும் தடுப்புள்ள மேடையே வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும். அந்த விழாவுக்கான குழு அமைக்கப்படும்போது இந்தக் குறிப்பு அவர்களிடம் எழுத்தில் ஒப்படைக்கப்படும்.

ஒருவேளை யாராவது விளிம்பைத் தாண்டித் தொங்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கும் திட்டம் எழுதப்பட்டுள்ளது. கச்சையில் அசையாமல் தொங்கும் உடலில் கால்களிலிருந்து இரத்தம் மேலேறுவது குறையும். நேரம் செல்லச் செல்ல அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே 995 என்ற அவசர உதவி எண்ணை அழைத்துவிட்டுக் காத்திருப்பது மட்டும் போதாது. மேலே வேலை நடக்கும்போதெல்லாம் கீழே ஒருவர் கவனித்துக்கொண்டு நிற்பார். ஏணி எட்டும் தொலைவில் இருக்கும். ஒப்படைப்பு நாளன்று இந்த மீட்புமுறை ஒத்திகையாகச் செய்து பார்க்கப்பட்டது. பயன்பாட்டு விளக்கப் பலகைகள் தமிழ், வங்காளம், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் படங்களோடு மேல்தளக் கதவருகே பொருத்தப்பட்டுள்ளன.

பணி, ஒப்புதல் பெற்ற தொகைக்குள் முடிந்தது. விவரம் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கில் தனித் தலைப்பில் இடம்பெறும். தகடுகளும் கயிறுகளும் மேல்தளப் படிக்கட்டின் கீழ் உள்ள பூட்டிய அறையில் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு முறையும் பயன்படுத்துமுன் ஆலயப் பராமரிப்பு மேற்பார்வையாளர் அவற்றைப் பார்வையிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடுவார். ஆண்டுக்கு ஒரு முறை தகுதிபெற்ற ஆய்வாளர் முழுமையாகச் சோதிப்பார். வெயிலில் நைந்த கயிறும், ஒரு முறை அதிர்ச்சி ஏற்ற கயிறும் தைத்துச் சரிசெய்யப்படமாட்டா, வெட்டி அப்புறப்படுத்தப்படும். இதற்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கும் தீர்மானம் வரும் பொதுக்கூட்டத்தில் உங்கள் ஒப்புதலுக்கு வைக்கப்படும். பொறியாளரின் கணக்கீடும் ஆய்வுப் பதிவேடும் அலுவலகத்தில் உள்ளன. அலுவலக நேரத்தில் எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு