டெங்குச் சிரமதானம் மார்கழியில் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பூச்சிகளின் நீண்ட உறக்கம் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். நெவாடாவில் எடுத்த யூக்கா அந்துப்பூச்சிப் புழுக்கள் 30 ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்துவிட்டுச் சிறகோடு வெளிவந்த கதையும், ஆபிரிக்கப் பாறைக் குழிகளில் நீர் வற்றும்போது தானும் வற்றி, 17 ஆண்டுகள் கழித்துத் தண்ணீர் பட்டதும் நெளியத் தொடங்கிய புழுவின் கதையும் மாணவர்களுக்கு நல்ல விருந்து. ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் 17 ஆண்டுச் சிள்வண்டை அந்த வரிசையில் சேர்த்தது சரியில்லை. அது மண்ணுக்குள் தூங்குவதில்லை. வேர்ச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு அத்தனை காலமும் மெல்ல வளர்கிறது.

சரி, அது பெரிய விஷயமில்லை. என் குறை வேறு. நெவாடா வரைக்கும் போன கட்டுரையாளர் எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணற்றடியை எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், டெங்கைத் தடுக்க ஊர்கூடிச் செய்யும் துப்புரவுப் பணியான சிரமதானத்தை நாங்கள் காலம் பிந்தி நடத்துவது தெரிந்திருக்கும்.

டெங்கு நுளம்பு பெரும்பாலும் தண்ணீரின் மேல் முட்டை இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமும் சொரசொரப்பும் உள்ள சுவரில் ஒட்டிவிடுகிறது. இடும்போது வெள்ளை, சில மணித்தியாலங்களில் கறுப்பு. நீளம் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. தொட்டியில் தண்ணீர் இறங்கிய பிறகு கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, பழைய நீர்க்கோட்டை ஒருமுறை பாருங்கள். மிளகுத்தூள் ஒட்டியதுபோலத் தெரிந்தால் ஊத்தை என்று விட்டுவிடாதீர்கள். இட்ட முதல் நாளிலேயே முட்டைக்குள் நீரை வெளியே விடாத ஓர் உறை உருவாகிவிடும். இரண்டு மூன்று நாளில் குடம்பி, அதாவது நுளம்பின் புழு, உள்ளே முழுதாக வளர்ந்துவிடும். அப்புறம் அதற்கு வேண்டியது தண்ணீர் மட்டும்தான். வராவிட்டால் காத்திருக்கும், ஆறு மாதத்துக்கு மேலும் காத்திருக்கும். தாய் நுளம்பிடமிருந்து வைரஸையும் சேர்த்து வாங்கிக்கொண்டு காத்திருக்கும் முட்டைகளும் சில உண்டு.

இதையும் யூக்கா அந்துப்பூச்சியின் உறக்கத்தையும் அறிவியலாளர்கள் ஒன்றாக வைப்பதில்லை. அந்துப்பூச்சியின் வகை உறக்கம் கெட்ட காலம் வருமுன்பே தொடங்குவது. டெங்கைப் பரப்பும் இன்னொரு இனமான புலி நுளம்பும் அப்படித்தான்: குளிர் நாடுகளில் பரவிய அது, பகல் குறுகுவதைக் கண்டு, பனி வருமுன்பே ஒடுங்கும் முட்டைகளை இடுகிறது. எங்கள் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். இங்கே காலத்தைக் காட்டித் தருவது வெயிலும் மழையுமே. வறட்சி வந்தால் நிற்பது, நனைந்தால் புறப்படுவது, அவ்வளவுதான்.

உறங்கும் பூச்சிகள் இந்த நாட்டுக்குப் புதுப் பாடமும் அல்ல. 2017 டிசம்பரில் ரஷ்யா எங்கள் தேயிலையைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். பொதி ஒன்றில், தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு கண்டதாகச் சொன்னதே காரணம். அதன் புழு களஞ்சியத்து வெடிப்புகளுக்குள் தின்னக் கொடுக்காமலே ஆண்டுக்கணக்கில் கிடக்கக்கூடியது. கொழும்பு எவ்வளவு பதறியது! கிணற்றடி முட்டைக்கு அந்தப் பதற்றத்தில் கால்வாசிகூடக் காணோம்.

இனி எங்கள் சிரமதானத்தின் கணக்கைப் பார்ப்போம். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்கிறது. நனைந்த முட்டைகளில் ஒரு பகுதி பொரிக்கிறது. மிச்சம் அடுத்த மழைக்கென்று நிற்கிறது, எல்லாம் ஒரே நாளில் பொரித்து அழிந்துபோக அது முட்டாள் இல்லை. ஒரு வாரம், பத்து நாளில் நுளம்பு பறக்கிறது. நோயாளியைக் கடித்த நுளம்புக்குள் வைரஸ் பெருக இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர மேலும் நாலு முதல் பத்து நாள். கூட்டிப் பாருங்கள், கார்த்திகை முடிகிறது. ஆசுபத்திரிக் கட்டில் நிறைந்த பிறகு, மார்கழியில், நாங்கள் மண்வெட்டியும் பதாகையுமாக வீதிக்கு இறங்குகிறோம். புகையும் அடிக்கிறோம். புகை பறக்கிற நுளம்பைக் கொல்லும். சுவரில் ஒட்டியிருப்பதை அது ஒன்றும் செய்யாது.

துண்டுப் பிரசுரங்களில் வருகிற 'கவிழ்த்து வையுங்கள்' என்ற வரியும் பாதி வேலைதான். சிரட்டையைக் கவிழ்க்கலாம், பூச்சாடித் தட்டைக் கவிழ்க்கலாம். கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியை யார் கவிழ்ப்பது? அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை விட்டாலும் முட்டை சுவரிலேயே இருக்கும், மறுபடி நிரப்பும்போது பொரிக்கும். பொச்சாலோ தும்புத் தூரிகையாலோ நீர்க்கோட்டை அழுத்தித் தேய்த்து, அந்தக் கழுவுநீரை வாய்க்காலுக்குள் விடாமல் வெயில் படும் மணலில் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒருதரம் இதைச் செய்ய அரை மணித்தியாலம் போதும்.

உவர்க் கிணறு உள்ளவர்கள் 'எங்கள் தண்ணீரில் நுளம்பு வராது' என்று இருக்கவும் முடியாது. உப்புக் கலந்த நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கேயே கண்டு 2011இல் வெளியிட்டுவிட்டார்கள்.

ஆகவே மாநகர சபையும் பிரதேச சபைகளும் பெரிய சிரமதானத்தை ஆவணி, புரட்டாதிக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மார்கழிச் சுற்றை நிறுத்தச் சொல்லவில்லை. முதல் சுற்று வறட்சியில் நடக்கட்டும். ரயர் கடைக்காரர்கள் அந்த மாதங்களிலேயே கூரைக்குள் அடுக்கட்டும். கூரைப் பீலிகளில் கிடக்கும் சருகை மழைக்கு முன்பே இறக்கிவிடலாம்.

பெரிய தலையிடி பூட்டிக் கிடக்கும் வீடுகள். சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், திறப்பு பக்கத்து ஊரில் ஒரு உறவுக்காரரிடம் இருக்கும். மழை தொடங்கிய பிறகு அவரைத் தேடி அலைவதில் பயனில்லை. எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, திறப்பு யாரிடம் என்ற விபரத்தைக் கிராம அலுவலர்கள் ஆடி மாதத்துக்குள் திரட்டி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்துவிடலாம். வெளிநாட்டில் இருந்து உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிப்பவர்களும் உறவுக்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, வளவைத் திறந்து தொட்டியைத் தேய்க்கச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கொக்குவில்.