திறந்து பார்க்காமலே தூக்கிப் போடச் சொல்வது சரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஃபிலிம் கேமரா பழுதானால் அதைச் சரிசெய்ய அலைவதைவிட வேறொன்றை வாங்கிக்கொள்வதே மேல் என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழுக்கு எழுதியிருந்தார். அதே யோசனையைக் கேட்டு எங்கள் வீட்டுக் கேமராவை நாங்கள் இழந்திருக்க வேண்டியது. மயிரிழையில் தப்பியது என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் தந்தையாரிடம் யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமரா ஒன்று இருந்தது. 1970களின் கடைசியில், துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் பெரியப்பா கொண்டுவந்து கொடுத்தது அது. தைப்பொங்கலன்று தாராவியில் தெருவோரம் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைப்பதை அப்பா ஆண்டுதோறும் அதில் படமெடுப்பார். எங்கள் ஆல்பங்களில் பாதி, புகை மண்டிய அந்தக் காலைப்பொழுதுகள்தாம். அவர் மறைந்த பிறகு தோல் உறையோடு அலமாரியில் கிடந்த கேமராவைச் சென்ற ஆண்டு என் மகன் எடுத்தபோது, வெளிச்சம் போதுமா என்று காட்டும் விளக்குகள் எரியவில்லை. வெயிலானாலும் நிழலானாலும் ஷட்டர் ஒரே வேகத்தில்தான் அடித்தது.

நகரின் பெரிய கடை ஒன்றில் காட்டினோம். கவுன்ட்டரில் இருந்தவர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் ஸ்பேர் கிடையாது, ஷோகேஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, டிஜிட்டல் கேமராக்களின் விலைப்பட்டியலை நீட்டினார். ஒரு திருகைக்கூட அவர் கழற்றவில்லை. என்ன பழுது என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

அதன் பிறகு ஃபோர்ட் பகுதியில், போரா பஜார் தெருவின் மாடி அறை ஒன்றில், எழுபது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவரும் உடனே திறக்கவில்லை. கேமராவைக் காதோடு வைத்துக்கொண்டு, ஃபிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாக இரண்டு முறை இழுத்தார். இந்த மாடலில் லீவரை இழுக்கும்போது உள்ளே 'டக்' என்று ஓர் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால், உள்ளிருக்கும் கம்பி ஒன்று வந்து அமரும் சின்ன ரப்பர் திண்டு நைந்துபோயிருக்கிறது என்று பொருள் என்றார். மேல்மூடியையும் முன்பகுதியையும் கழற்றிக் காட்டியபோது அவர் சொன்னபடியே இருந்தது. உளுத்தம்பருப்பு அளவுகூட இல்லாத ஒரு ரப்பர் துண்டை வெட்டி ஒட்டினார். லீவரை இழுத்ததும் அந்த 'டக்' கேட்டது. என் அம்மாவுக்கு அந்தச் சத்தம் நினைவிருந்தது.

பேட்டரியும் ஒரு சிக்கல்தான். இந்தக் கேமராவில் போட வேண்டிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் 2013ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கையை 2018இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது, அது சரியானதும்கூட. ஆனால் 6 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைச் சிறு அடாப்டருடன் பொருத்தினால் எலக்ட்ரோ 35 குறையில்லாமல் ஓடும். பின்மூடியின் ஓரங்களில் வெளிச்சம் புகாமல் காக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் நாளடைவில் தார்போலக் குழைந்துவிடும். அதையும் சுரண்டியெடுத்துப் புதிது வைத்தார். அனைத்துக்குமாக அவர் வாங்கிய கூலி, எங்களிடம் நீட்டப்பட்ட பட்டியலின் மிகக் குறைந்த விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மாற்றுவதே கூடாது என்று நான் வாதிடவில்லை. மும்பையின் மழைக்காலம் லென்ஸுக்கு எமன். கண்ணாடிக்குள் சிலந்திவலைபோல் படரும் பூஞ்சையைத் தொடக்கத்திலேயே கவனித்தால் துடைத்தெடுத்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் விட்டு, அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிட்டால் எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது. (கேமராவைத் தோல் உறையில் பூட்டி வைப்பதே பத்திரம் என்று பலரும் நினைக்கிறோம், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறையை நீக்கி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதுதான் நல்லது.) அப்படிக் கேமரா கைமீறிப் போனவர்கள் 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட பென்டாக்ஸ் கே1000 போன்ற ஒன்றைத் தேடலாம், அதில் வெளிச்ச மீட்டருக்கு மட்டுமே பேட்டரி வேண்டும், மற்றதெல்லாம் பற்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான். புதிதாகவே வேண்டுமென்றால் 2024இல் ரிக்கோ நிறுவனம் பென்டாக்ஸ் 17 என்ற ஃபிலிம் கேமராவை வெளியிட்டிருக்கிறது. வெளியானபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 500 டாலராக இருந்தது. ஆனால் இந்த முடிவு, கேமராவைத் திறந்து பார்த்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்து, வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. மனமார வரவேற்கிறேன். எனினும், தயாரிப்பாளர் உதிரிபாகமும் விவரமும் தர வேண்டும் என்ற விதி, தயாரிப்பாளரே களத்தில் இல்லாத பொருளுக்கு எப்படி உதவும்? யாஷிகாவை வாங்கிய கியோசெரா நிறுவனம் 2005இல் கேமரா தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இனி இந்தக் கேமராக்களுக்கு இருக்கும் ஒரே உதிரிபாகக் கிடங்கு, ஓடாமல் நின்றுபோன இதே மாடல் கேமராக்கள்தாம். ஒரே கையேடு, போரா பஜார் மாடி அறையில் இருப்பவரைப் போன்றவர்களின் காதும் விரல்களும்தாம். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள இப்போது ஒருவரும் இல்லை.

இதில் தமிழர்களாகிய நமக்கு ஓர் அனுபவம் உண்டு. ஊட்டியில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நலிந்து மூடப்பட்டபோது, ஃபிலிமுக்குப் பூச்சுப் பூசத் தெரிந்த கைகளும் கலைந்துபோயின. அந்தக் கைத்திறனை எழுதி வைக்கவோ இளைஞர் சிலருக்காவது கற்றுக்கொடுக்கவோ நாம் அன்று உரத்த குரலில் கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஐ.டி.ஐ.களில் கருவி மெக்கானிக் என்ற பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. நுண்ணிய திருகுகளையும் ஸ்பிரிங்குகளையும் கையாளப் பழகும் அந்த மாணவர்களில் விருப்பமுள்ளவர்களை, இத்தகைய மூத்த மெக்கானிக்குகளிடம் சில மாதங்கள் உதவித்தொகையுடன் தொழில் பழக அனுப்புவதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவைப்படாது. மகாராஷ்டிர அரசும் தமிழ்நாடு அரசும் இதைப் பரிசீலிக்க வேண்டும். கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்களால் சரிசெய்ய முடியாவிட்டால், முடியாது என்று சொல்லி, முடிந்தவரின் முகவரியைக் கொடுங்கள். வாசகர்களும் ஓடாத கேமராவைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாமல், ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டால், வேறொரு வீட்டுக் கேமரா அதனால் ஓடும்.

மும்பை, சென்னை, மதுரை, கோவை என எந்த ஊரிலும் ஃபிலிம் கேமரா பழுதுபார்ப்பவர் யாரையேனும் அறிந்த வாசகர்கள், அவருடைய சம்மதத்துடன் விவரத்தைத் தங்களுக்கு எழுதியனுப்பவும், அவற்றைத் தொகுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இதழில் தாங்கள் வெளியிடவும் வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
மாட்டுங்கா, மும்பை