ஹென்ச்மேன் எல்லாம் அடியாள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் சொல் விளக்கப் பகுதியில் ‘ஹென்ச்மேன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, ‘தலைவனின் இடுப்பை ஒட்டியே நிற்பவன், ஆகவே அடியாள்’ என்று எழுதியிருந்தார்கள். இதில் முன்பாதி தவறு. பின்பாதி இன்றைய செய்திகளுக்குப் பொருந்தும், பழைய நூல்களுக்குப் பொருந்தாது. சேலத்துப் பள்ளி, கல்லூரிகளில் ஆங்கில நாடகங்களைத் தமிழில் போடுகிறவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்வதால், கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

‘ஹென்ச்’ என்பதற்கும் இடுப்புக்கும் உறவு கிடையாது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹெங்கெஸ்ட்’ என்றால் பொலிகுதிரை, அதாவது விதை அடிக்காத ஆண் குதிரை. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் அதற்கு ‘ஹெங்ஸ்ட்’ என்றுதான் பெயர். பிரிட்டனுக்கு ஆங்கில இனத்தாரைக் கூட்டிவந்ததாகக் கதைகள் சொல்லும் ஹெங்கிஸ்ட், ஹார்சா என்ற அண்ணன் தம்பியின் பெயர்களுக்கும் பொலிகுதிரை, குதிரை என்பதே பொருள். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘ஹெங்கெஸ்ட்மன்’ என்று பதிவாகும் சொல், வாயில் தேய்ந்து ‘ஹெங்க்ஸ்மன்’ ஆகி, 15-ஆம் நூற்றாண்டில் ‘ஹென்ஷ்மன்’ ஆகி, கடைசியில் ‘ஹென்ச்மன்’ என்று நின்றது. இடுப்பைக் குறிக்கும் ‘ஹான்ச்’ பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல். அதிலிருந்து பிறந்திருந்தால் பழைய எழுத்துக்கூட்டல்களில் ‘க்ஸ்’ ஒலி வந்திருக்க வழியில்லை. ஒரு சொல்லின் வேரைத் தேடும்போது இன்றைய வடிவத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் வழி தவறும். கிடைப்பதிலேயே பழைய வடிவத்திலிருந்து முன்னோக்கி வர வேண்டும். ‘ஷெவராய்’ என்ற ஆங்கில வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது பொருள் தேடினால் சேர்வராயனைக் கண்டுபிடிப்பாரா?

சரி, பொலிகுதிரைக்கு என்று தனியாக ஓர் ஆள் எதற்கு? இடைக்கால ஐரோப்பாவில் போர்வீரன் ஒருவனுக்கு ஒரே குதிரை இருக்காது. வழிப்பயணத்துக்கு நடை மெத்தென்று இருக்கும் ‘பால்ஃப்ரி’. மூட்டை சுமக்க ‘சம்ப்டர்’. போருக்கும் பந்தயச் சண்டைக்கும் மட்டும் ‘டெஸ்ட்ரியர்’. இந்த மூன்றாவதுதான் பொலிகுதிரை. வழியில் அதன்மேல் ஏறிக் களைப்படைய வைக்க மாட்டார்கள், களம் வரும்வரை ஓர் ஆள் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வருவான். டெஸ்ட்ரியர் என்ற பெயரே வலது கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வலக்கையில் பிடித்து நடத்தப்படும் குதிரை என்று விளக்கம் சொல்வார்கள். பொலிகுதிரை கடிக்கும், உதைக்கும், பெட்டைக் குதிரையைக் கண்டால் கட்டுக்கடங்காது. விலையோ மற்ற குதிரைகளைவிடப் பல மடங்கு. எஜமானின் உயிரும் சொத்தும் அந்தக் கயிற்றின் முனையில் இருக்கின்றன. ஆகவே அதைப் பிடிக்கிறவன் சாதாரண லாயக்காரனாக இருந்துகொண்டிருக்க முடியாது. நம்பிக்கைக்குரியவன், எஜமான் கண்ணிலேயே இருக்கிறவன் என்ற நிலை அவனுக்குத் தானாக வந்து சேர்கிறது. சொல்லின் அடுத்த 200 ஆண்டு வரலாறு இந்த ஒரு காரணத்திலிருந்து கிளைத்தது.

அரச ஊர்வலங்களில் அலங்கரித்த குதிரையோடு நடப்பவர்கள், பிறகு தாமே குதிரையேறி அரசனுக்குப் பின்னால் வருபவர்கள் ஆனார்கள். 15-ஆம் நூற்றாண்டு வருவதற்குள் ஹென்ச்மேன் என்பது நல்ல குடும்பத்துப் பையன்களுக்குக் கிடைக்கும் அரண்மனைப் பதவி. இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வர்ட் காலத்து அரண்மனை விதித்தொகுப்பு ‘கருப்புப் புத்தகம்’ எனப்படும். அதில் ஹென்ச்மேன்கள் ஆறு சிறுவர்கள், அரசர் விரும்பினால் கூடவும் இருக்கலாம் என்று வருகிறது. அவர்களுக்கு ‘மாஸ்டர்’ என்று ஓர் ஆசிரியர். ஒழுங்காகக் குதிரையேறவும், கவசம் அணியவும், பந்தயச் சண்டைக்கும் பழக்குவது அவர் வேலை. பிற மொழிகள், யாழ், குழல், பாட்டு, நடனம் ஆகியவற்றையும் அவரே சொல்லித்தர வேண்டும். சாப்பாட்டு மேசையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் அவர் பார்வையில்தான். அடியாளுக்கு யாரும் யாழ் சொல்லித்தருவதில்லை.

ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் இந்தப் பொருள் அப்படியே இருக்கிறது. இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியில் தேவதைகளின் அரசன் ஓபரான், ராணி டைட்டானியா வளர்க்கும் ஒரு சிறுவனைத் தன் ஹென்ச்மேனாகக் கேட்கிறான். அந்தக் குழந்தை ஓர் இந்திய அரசனிடமிருந்து களவாடப்பட்டவன் என்பது நாடகத்துக்குள்ளேயே வருகிறது. தேவதை அரசனும் ராணியும் பிரிந்து நிற்பதற்கே இந்தச் சிறுவன்தான் காரணம். இங்கே ‘அடியாள்’ என்று மொழிபெயர்த்தால், பால்மணம் மாறாத பிள்ளையை ரவுடி வேலைக்குக் கேட்பது போல ஆகிவிடுகிறது. காட்சியே கெட்டுப்போகும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்க வேண்டிய இடம் அது அல்ல. ‘அணுக்கச் சேவகன்’ என்றால் கச்சிதமாக உட்காரும். சோழர் கல்வெட்டுகளில் அரசனுக்கு நெருக்கமாக இருந்து பணிசெய்வோர் ‘அணுக்கர்’. தஞ்சைப் பெரிய கோயிலில் ‘அணுக்கன் திருவாயில்’ என்றே ஒரு வாசல் இருக்கிறது.

அந்த நாடகம் எழுதப்பட்ட 1590-களில், நிஜத்தில் ஆங்கில அரண்மனையில் ஹென்ச்மேன்களே இல்லை. முதலாம் எலிசபெத் 1565-இல் அந்தப் பதவியைக் கலைத்துவிட்டார். அதன்பின் சொல்லும் இங்கிலாந்தில் மெல்ல வழக்கொழிந்தது. பிழைத்தது ஸ்காட்லாந்தின் மலைநாட்டில்.

இடுப்புக் கதை தொடங்குவதும் அங்கேதான். எட்மண்ட் பர்ட் என்ற ஆங்கிலேயர் மலைநாட்டு வழக்கங்களைப் பற்றி எழுதிய கடிதங்கள் 1754-இல் அச்சாயின. ஒரு குலத்தலைவன் வெளியே கிளம்பினால் யார் யார் பின்னால் வருவார்கள் என்று அவர் பட்டியல் போடுகிறார். முதலில் ‘ஹான்ச்மன்’. பிறகு புலவன், தலைவன் சார்பில் பேசுகிறவன், வாள் சுமப்பவன், ஆற்றைக் கடக்கும்போது தலைவனைத் தூக்கிச் செல்பவன், கரடுமுரடான பாதையில் குதிரையைப் பிடித்து நடத்துபவன், மூட்டை சுமப்பவன், குழல் வாசிப்பவன், அந்தக் குழலைத் தூக்கிவர இன்னொருவன். பட்டியலைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: குதிரை பிடிக்கும் வேலை ஹென்ச்மேனிடமிருந்து கழன்று வேறு ஆளிடம் போய்விட்டது. பெயரில் மட்டும் குதிரை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் யாருக்கும் தெரியாமல். தெரியாத இடத்தில் புதுக் கதை முளைக்கத்தானே செய்யும். விருந்தில் தலைவனின் இருக்கைக்குப் பின்னால், அவன் இடுப்பருகே நின்று, யாராவது அவமதிக்கிறார்களா என்று கண்காணிப்பதால் அந்தப் பெயர் வந்தது என்று பர்ட் எழுதிவைத்தார். தங்கள் பகுதியில் வந்த விளக்கம் இதன் மறுபதிப்புத்தான். ஆனால் பர்ட் சொல்லும் வேலை விவரத்தை ஒதுக்கிவிட வேண்டாம். அவர் காலத்து ஹான்ச்மன் தலைவனோடு ஒரே பால் குடித்து வளர்ந்தவனாகவும் இருப்பான், செயலர் போலவும் இருப்பான், உயிரைக் கொடுக்கவும் தயாராக இருப்பான். அடியாள் என்ற சொல் இதற்கும் எட்டாது.

வால்டர் ஸ்காட் 1810 முதல் தம் கவிதையிலும் நாவலிலும் இந்தச் சொல்லை எடுத்தாண்ட பிறகு ஆங்கிலம் படிக்கும் உலகம் முழுக்க அது பரவியது. தலைவன் கண்ணசைத்தால் எதையும் செய்பவன் என்ற சாயலை வாசகர்கள் தாங்களாகவே ஏற்றிக்கொண்டார்கள். நியாயம் பார்க்காத அரசியல் கையாள் என்ற பொருள் 1839-இல் முதன்முதலாகப் பதிவாகிறது. நம் செய்தித்தாள்களுக்கு வருவது இந்தக் கடைசிப் பொருள்.

இதைப் போலவே பணியாளரைக் குறித்துப் பிறந்த சொற்கள் வேறு வேறு திசையில் போயின என்பதையும் சொல்ல வேண்டும். ‘மார்ஷல்’ என்றால் ஆதியில் குதிரை வேலைக்காரன், இன்று ராணுவத்தின் உச்சப் பதவி. ‘கான்ஸ்டபிள்’ லாயத்துக்குப் பொறுப்பான பெரிய அதிகாரி, இன்று சேலம் டவுன் ஸ்டேஷன் வாசலில் நிற்பவர். ‘நைட்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் பையன், வேலையாள். அது வீரப்பட்டமாக உயர்ந்தது. அதே போலப் பையன் என்று பொருள்பட்ட ‘நேவ்’ அயோக்கியன் என்று தாழ்ந்தது. ‘ஸ்கொயர்’ கேடயம் தூக்குபவன். ‘வேலே’, ‘வார்லெட்’ இரண்டும் பணியாளைக் குறித்த ஒரே பிரெஞ்சுச் சொல்லின் பிள்ளைகள். முன்னது இன்று ஹோட்டல் வாசலில் கார் சாவி வாங்குகிறது, பின்னது போக்கிரியாகிப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. ஆங்கிலக் கவிஞர் சாசருக்கு 1367-இல் ஆண்டுக்கு 20 மார்க் (அக்காலப் பணக் கணக்கு) உதவித்தொகை வழங்கிய அரசாணை, அவரை ‘வேலே’ என்பதன் லத்தீன் வடிவத்தால்தான் குறிக்கிறது. அதைப் படித்துவிட்டு அவர் அரண்மனையில் எடுபிடியாக இருந்தார் என்று எழுதக் கூடாது. 1363-இல் வந்த உடைச் சட்டத்தைப் பார்த்தால் இந்தப் பதவிகளின் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியும். ‘குரூம்’ எனும் கீழ்ப்பணியாளர் அணியும் முழுத் துணியின் விலை 2 மார்க்கைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் நிற்கும் ‘யோமன்’, அதாவது வேலே தரத்தவருக்கு, 40 ஷில்லிங், அதாவது 3 மார்க். ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் வரும் நிலம் இல்லாத ஸ்கொயருக்கு நாலரை மார்க். நெசவு தெரிந்த சேலத்து வாசகர்களுக்குத் துணி விலையில் மரியாதையை அளப்பது புதிதாக இருக்காது. அந்தச் சட்டம் சீக்கிரமே ரத்தானது வேறு கதை.

தமிழில் இதற்கு ஈடான ஏற்ற இறக்கம் கண்ட சொல் ‘சேவகன்’. திருவாசகத்தின் கீர்த்தித் திருவகவலில் இறைவன் ‘குதிரைச் சேவகன் ஆகிய கொள்கை’ பாடப்படுகிறது. அங்கே சேவகன் குதிரை வீரன். திருப்பாவையில் ‘உன் சேவகமே ஏத்தி’ என்று ஆண்டாள் பாடுவது வீரத்தை. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைத் திறந்தால் சேவகம் என்பதற்கு வீரம் என்ற பொருளும் இருக்கும். பின்னால் அதே சொல் டவாலி போட்ட கச்சேரிச் சேவகருக்கு வந்து நின்றது. ‘அடியாள்’ கூட, பக்தி இலக்கியத்தில் அடியான் என்பதன் பெண்பால்.

ஆகவே மொழிபெயர்ப்பவர்கள் முதலில் மூலநூலின் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1400-க்கு முந்திய கணக்கேடு, ஆவணம் என்றால் ‘குதிரைச் சேவகன்’. அதற்குப் பின் 1600 வரையிலான அரண்மனை, நாடகம் என்றால் ‘அணுக்கச் சேவகன்’. ஸ்காட்லாந்து மலைநாடு என்றால் ‘மெய்க்காவலன்’. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் ‘கையாள்’. சந்தேகம் வந்தால் அந்த ஆள் என்ன வேலை செய்கிறான் என்று அதே பக்கத்தில் பார்த்தால் போதும், அகராதி பிறகு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களைப் பற்றி 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலம் தொட்டு எழுதப்பட்ட ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழாக்குகிறவர்களுக்கும் இது உதவும். அங்கே வரும் ‘ஹார்ஸ்கீப்பர்’ மதராஸ் மாகாணத்திலும் இலங்கையிலும் இருந்த வழக்கு, நம் ‘குதிரைக்காரன்’தான். வடக்கே அவனை ‘சைஸ்’ என்பார்கள்.

செய்தி மேசைக்கு ஒரு வேண்டுகோள். ஏஜென்சிச் செய்தியில் ‘எய்ட்’ என்று வந்தால் உதவியாளர், ‘அசோசியேட்’ என்றால் கூட்டாளி, ‘ஹென்ச்மேன்’ என்றால் கையாள் என்று பிரித்து எழுதுங்கள். மூன்றையும் அடியாள் என்று ஒரே சொல்லில் அடைத்தால், அடிதடி எதுவும் சாட்டப்படாத ஒருவர்மேல் நம் தமிழ் அதைச் சாட்டிவிடுகிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது இது விளையாட்டல்ல. வன்முறைக் குற்றச்சாட்டு செய்தியிலேயே இருந்தால் மட்டும் ‘அடியாள்’ என எழுதலாம்.

சொல் விளக்கப் பகுதியிலேயே, அதே இடத்தில், பொலிகுதிரை வேரையும் ‘அணுக்கச் சேவகன்’ என்ற தமிழையும் தந்து திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். உள்பக்கத்தின் மூலையில் வரும் திருத்தத்தை மாணவர்கள் கத்தரித்து ஒட்டுவதில்லை.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 7.